மதுரையில் ஒரு பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம்: மாதாமாதம் சம்பளம் எங்கிருந்து வரும்?

நிலையூர் வாய்க்கால்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலைந்து பேர். ஒருவர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவர், இன்னொருவர் வங்கியில் இருந்தவர், நான் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தென் மாவட்டப் பொருளாதாரத்தை மட்டும் பார்க்கிற சின்ன ஆய்வு மையம் ஒன்று மதுரையில் வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கொள்கை என்று பேச்சு எடுத்தாலே சென்னை, இல்லாவிட்டால் டெல்லி. மாநகராட்சி பட்ஜெட்டை வரி வரியாகப் படித்து, போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று எழுதுகிற ஆளை நான் இங்கே பார்த்ததில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எகிறுகிற விலை மறுநாளே ஏன் தரைக்கு வருகிறது, அந்த ஏற்றத்தில் பறிக்கிறவருக்கும் தோட்டக்காரருக்கும் என்ன போய்ச் சேருகிறது என்று வருஷம் பூராவும் உட்கார்ந்து கணக்கெடுக்க ஆள் வேண்டாமா?

லாப நோக்கம் இல்லாத அமைப்பாகத்தான் தொடங்க நினைக்கிறோம். டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா? மற்ற ஆய்வு நிறுவனங்களெல்லாம் எந்தப் பணத்தில் ஓடுகின்றன? கடைசியாக முக்கியமான கேள்வி. தெரிந்த தொழிலதிபர் ஒருவர் வருஷம் 10 லட்சம் வீதம் மூன்று வருஷம் தருகிறேன் என்கிறார். முதல் அறிக்கை சிறுதொழில் மின்கட்டணத்தைப் பற்றி இருக்கவேண்டுமாம். “என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம ஆளுகளுக்கு எதிரா மட்டும் போயிடாம பாத்துக்கங்க” என்றார். வாங்கலாமா?

—

அரசரடி ஆடிட்டர்:

சார், அமைப்பை எப்படிப் பதிவது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். டிரஸ்ட் என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது, செலவு குறைவு. ஆனால் பத்திரம் எழுதும்போது வேறு மாதிரி எழுதாவிட்டால் முதல் நாள் டிரஸ்டி ஆனவர் ஆயுசு பூராவும் டிரஸ்டி. சங்கம் என்றால் 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருஷா வருஷம் பொதுக்குழு, அப்புறம் ரெண்டாம் வருஷமே ரெண்டு கோஷ்டி. கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவில் பதிந்தால் ஆடிட்டர், தாக்கல் என்று செலவு ஏறும், ஆனால் ஆண்டுக் கணக்கு அரசுத் தளத்தில் ஏறிவிடும், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நீங்கள் செய்யப்போவது ஊரார் கணக்கைக் கேள்வி கேட்கிற வேலை. என் ஓட்டு 8ஆம் பிரிவுக்கு.

வருமான வரிச் சட்டத்தில் மையத்துக்கு வரி விலக்கு வேண்டுமானால் 12ஏபி பிரிவு, நன்கொடையாளருக்குச் சலுகைக்கு 80ஜி பிரிவு. முதலில் தற்காலிகப் பதிவு மூன்று வருஷத்துக்கு, அப்புறம் முறையான பதிவுக்கு விண்ணப்பம். (புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, எல்லோர் வாயிலும் இருக்கிற பழைய எண்ணிலேயே சொல்கிறேன்.) 80ஜி கிடைத்துவிட்டால் பணம் கொட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். புதிய வரி முறையில் இருக்கிறவருக்கு 80ஜி கழிவே கிடையாது, இப்போது நிறையப் பேர் அந்தப் பக்கம்தானே போய்விட்டார்கள்.

ஆய்வு மையங்கள் வழுக்கி விழுகிற இடம் வேறு. சட்டத்தில் தர்ம காரியம் என்றால் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் அடங்காததெல்லாம் ‘பொதுப் பயன்பாடு’ என்ற கடைசிப் பெட்டியில் விழும். கொள்கை ஆய்வு பெரும்பாலும் அங்கேதான் போகும். அந்தப் பெட்டியில் இருந்தால், கட்டணம் வாங்கிச் செய்கிற வேலையின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வருஷ வரவு 25 லட்சம் என்றால், காசு வாங்கிக்கொண்டு அறிக்கை எழுதிக் கொடுத்த கூலி 5 லட்சம் வரைதான். தாண்டினால் அந்த வருஷ விலக்கே போச்சு. ஆலோசனைக் கட்டணம் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இதை அவரிடம் காட்டுங்கள். 20 லட்சத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.

அப்புறம் வருஷ வரவில் 85 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும், மிச்சம் பிடிக்கலாம் என்றால் 15தான், அதற்கு மேல் ஒதுக்கினால் எதற்கு என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூலதன நிதியாகக் கொடுக்கிறவர் ‘இது மூலதன நிதிக்கு’ என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது இந்த 85க்குள் வராது, ஆனால் வங்கி வைப்பு மாதிரி சட்டம் சொன்ன இடத்தில்தான் போடவேண்டும். தெரிந்த பைனான்ஸில் ரெண்டு வட்டிக்கு விடலாமே என்று மதுரையில் கேட்காதவர்கள் குறைவு, அதனால்தான் சொல்கிறேன். டிரஸ்டி வீட்டு மாடியை ஆபீசுக்கு எடுப்பதிலும் கவனம். சந்தை வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் சொந்த ஆளுக்கு ஆதாயம் என்பார்கள்.

—

ஆனையூர் ஆய்வாளர்:

வணக்கம் அண்ணே. சென்னையிலும் டெல்லியிலும் ஆய்வு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். பணம் எப்படி வருகிறது என்பதற்கு முன்னால் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்தத் தொழிலில் மெஷின் கிடையாது, சரக்கு கிடையாது, செலவெல்லாம் ஆள்தான். மதுரைக் கணக்கில் சுமாராகப் போடுகிறேன். ஆய்வாளர் ரெண்டு பேர், தலைக்கு மாதம் 50,000, வருஷத்துக்கு 12 லட்சம். களத்தில் சுற்ற ரெண்டு பேர், 18,000 வீதம் 4.32 லட்சம். வாடகை 12,000 என்றால் 1.44 லட்சம். பகுதி நேரக் கணக்காளர் 8,000, அது 96,000. பயணம், அச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 3 லட்சம். கூட்டினால் 21.72 லட்சம் வரும், அதாவது இயக்குநருக்குச் சம்பளமே போடாமல். பேராசிரியர் ஐயா ஓய்வூதியத்தில் இருப்பதால் சும்மா பார்த்துக்கொள்வார் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? எத்தனை வருஷத்துக்கு?

இந்த 22 லட்சத்தை வட்டியிலேயே எடுக்க வேண்டுமானால் 7 சதவீதத்துக்கு மூன்று கோடிக்கு மேல் வைப்பில் கிடக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களிடம் அது இல்லை, அதனால் ஆளுக்கொரு வழி. அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேசையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் 1971இல் தொடங்கினார்கள். சில வருஷங்களில், 1977இல், அது இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது, அதிலிருந்து மத்தியப் பணமும் மாநில அரசுப் பணமும். டெல்லியில் 1976இல் வந்த பொது நிதி, கொள்கைக்கான தேசிய நிறுவனம் நிதியமைச்சகத்தோடு ஒட்டியது. 1956இல் தொடங்கிய என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் பெரும்பாலும் அமைச்சகங்களும் கம்பெனிகளும் கொடுக்கிற ஆய்வு வேலையைச் செய்து பிழைக்கிறது. அரசுப் பணம் வருகிற இடத்தில் சம்பளம் பொதுவாக நிற்காது, ஆனால் காலியான பேராசிரியர் பணியிடத்தை நிரப்ப அனுமதிக்குக் காத்திருந்தே பல வருஷம் போகும்.

வெளிநாட்டுப் பணத்தில் சாய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் கண்முன்னே இருக்கிறது. 1973இல் தொடங்கியது, நாட்டிலேயே பெரிய பெயர். 2022 செப்டம்பரில் வருமான வரித் துறை ஆய்வுக்கு வந்தது, 2023 பிப்ரவரியில் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ உரிமம் நிறுத்திவைப்பு, அதே ஜூனில் வரிவிலக்கு ரத்து, 2024 ஜனவரியில் எஃப்சிஆர்ஏ உரிமமே ரத்து. பணம் நின்றதும் ஆட்கள் போனார்கள். ஆய்வு மையத்தில் ஆள் போனால் மிஞ்சுவது நாற்காலியும் பழைய அறிக்கையும்தான்.

சின்ன இடங்கள் பிழைப்பது புராஜெக்ட் பணத்தில். அதன் சங்கடம் வெளியே தெரியாது. கொடுக்கிறவர் கேள்வியையும் சேர்த்தே கொடுப்பார். ஒரு புராஜெக்ட் மார்ச்சில் முடியும், அடுத்தது ஜூலையில் வரும், நடுவில் நாலு மாதச் சம்பளம்? அதனால் தலைவராக இருப்பவர் படிப்பதை விட்டுவிட்டு விண்ணப்பம் எழுதுகிற ஆளாக மாறிவிடுவார். ஆபீஸ் செலவு என்று பட்ஜெட்டில் 15 சதவீதம் போட்டால் கொடுக்கிறவர்கள் 5ஆகக் குறைக்கச் சொல்வார்கள், வாடகையும் கரண்டும் ஆடிட்டர் கூலியும் வானத்திலிருந்து விழும் என்று நினைப்பு. இரண்டே வருஷத்தில் மல்லிகை விலையை எடுத்து வைத்தவன் யாரோ கேட்ட சுயஉதவிக் குழு ஆய்வில் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருப்பான்.

அதனால் எந்தத் தலைப்பிலும் கட்டாத பணம் கொஞ்சமாவது வேண்டும். ஆறு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் ஆள் எடுக்காதீர்கள்.

உங்கள் தொழிலதிபர் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பை அவர் சொல்வது பெரிய தப்பில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். ‘நம்ம ஆளுகளுக்கு எதிரா போயிடாம’ என்கிற வரிதான் ஆகாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் ‘நிதி வழங்குபவரின் எழுத்துமூல ஒப்புதலுக்குப் பின்னரே வெளியிடப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அறிக்கை முடிந்தது, பணமும் வந்தது. ஒப்புதல் மட்டும் வரவே இல்லை. மறுக்கவும் இல்லை, ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றே சொன்னார்கள், அப்படியே அலமாரியில் கிடக்கிறது. நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கட்டும்: வரைவை அவருக்கு அனுப்புவோம், 30 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், ஏற்பதும் விடுவதும் மையத்தின் முடிவு, 31ஆம் நாள் வெளியிடுவோம், யார் பணம் என்று முதல் பக்கத்தில் போடுவோம். இதில் கையெழுத்துப் போட்டால் வாங்குங்கள்.

இன்னொன்று, கோபப்படாதீர்கள். கப்பலூரில் பட்டறை வைத்திருக்கிற நீங்களே அந்த மின்கட்டணம் கட்டுகிற ஆள். அதையும் அறிக்கையில் போடவேண்டும்.

—

கீழமாசி வீதிக்காரன்:

நான் கடை வைத்திருக்கிறவன், படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வர்த்தகச் சங்கங்கள் ஏற்கெனவே வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னால் மனு அனுப்புகின்றன. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன் யார் என்று ஊருக்கே தெரியும், அதில் ஒளிவுமறைவு இல்லை. உங்கள் மையம் ‘நடுநிலை’ என்று போர்டு மாட்டிக்கொண்டு அதே மனுவை வழவழ தாளில் அச்சடித்தால் எனக்கு என்ன லாபம்? 2021 ஆகஸ்டில் நம்ம ஊர் எம்எல்ஏ பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக இருந்தபோது மாநிலத்தின் நிதி நிலை பற்றிப் போட்ட வெள்ளை அறிக்கையை நான் உட்கார்ந்து படித்தவன்தான், படிக்க மாட்டான் என்று நினைக்காதீர்கள். அரசாங்கத்துக்குத் தன் கணக்கு தன் கையில் இருக்கிறது. வெளியில் இருக்கிற உங்களுக்கு மாட்டுத்தாவணி கணக்கை யார் காட்டுவார்? துண்டுச் சீட்டில் எழுதுகிற விலை ஒன்று, கையில் கொடுப்பது ஒன்று.

—

டிவிஎஸ் நகர் டு நியூஜெர்சி:

ஊர் பழங்காநத்தம் பக்கம், இப்போது இருப்பது அமெரிக்காவில், லாபநோக்கமற்ற அமைப்பு ஒன்றில் கணக்குப் பிரிவு. இங்கே ஆய்வு மையங்களுக்கு 501(சி)(3) என்ற வரிவிலக்கு. தேர்தலில் யாரையும் ஆதரிக்கக் கூடாது. வருஷா வருஷம் 990 என்று ஒரு படிவம் தாக்கல் செய்யவேண்டும், அது பொது ஆவணம், தலைவருக்கு என்ன சம்பளம் என்பது வரை எவரும் பார்க்கலாம். நன்கொடையாளர் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ள முடியும். ஓட்டை அங்கேதான். 2014இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது நினைவிருக்கலாம். வெளிநாட்டு அரசுகள் வாஷிங்டன் ஆய்வு மையங்களுக்குப் பணம் கொடுத்துத் தங்களுக்கு வேண்டியதைப் பேச வைக்கின்றன என்று. அந்தப் பட்டியலில் நார்வேகூட இருந்தது. நல்ல காரியத்துக்குத்தான் கொடுத்தார்கள், இருந்தாலும் பணம் பணம்தான்.

பணத்தை மட்டும் பார்க்காதீர்கள், வாரியத்தையும் பாருங்கள். வாஷிங்டனில் இருக்கிற கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் அரசுப் பணம் வாங்காத இடம். லாபநோக்கமற்றது, ஆனாலும் விசித்திரமாக அதற்கு நாலு பங்குதாரர்கள் இருந்தார்கள். 2011இல் ஒருவர் காலமானார், அவர் பங்கு யாருக்கு என்று தகராறு. 2012 மார்ச்சில், பங்குதாரர்களான கோக் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தைத் தங்கள் அரசியலுக்கு வளைக்கப் பார்க்கிறார்கள் என்று உள்ளே இருந்தவர்கள் கொதித்தார்கள். ஜூனில் சமரசமாகி, தலைவர் எட் கிரேன் விலகுவது, பங்குதாரர் ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு வாரியமே நடத்துவது என்று முடிந்தது. 35 வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். நம்ம ஊரில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த லாரி ஆபீஸ் கதைதான்.

தொடங்கினால் நானும் மாதம் நூறு டாலர் அனுப்புகிறேன்.

—

அரசரடி ஆடிட்டர்:

நியூஜெர்சி தம்பி, அவசரப்படாதீர்கள். உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து தருவது வெளிநாட்டுப் பங்களிப்பில் வராது, தாராளமாகத் தரலாம். குடியுரிமை மாறியிருந்தால் நீங்கள் ‘வெளிநாட்டு மூலம்’, அப்போது எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் நூறு டாலர்கூட வாங்க முடியாது. அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று வருஷம் இயங்கி, அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சமாவது தன் வேலைக்குச் செலவு செய்திருக்க வேண்டும். கிடைத்தாலும் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வந்து இறங்கும், நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத உச்சவரம்பு.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம் பற்றி யாரும் கேட்கவில்லை, அடுத்து கேட்பீர்கள். நிகர லாபம் 5 கோடியாவது, இல்லாவிட்டால் விற்றுமுதல் 1000 கோடியோ நிகர மதிப்பு 500 கோடியோ இருக்கிற கம்பெனிகளுக்குத்தான் அந்த 2 சதவீதக் கடமை. கப்பலூரில் அப்படி எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்கிற கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கொள்கை ஆய்வு என்று நேராக ஒரு இனமும் கிடையாது. கிராம வளர்ச்சி, வாழ்வாதாரம் என்று சுற்றி வளைத்துத்தான் நுழையவேண்டும்.

—

நிலையூர் வாய்க்கால்:

எல்லோருக்கும் நன்றி. ஆனையூர்க்காரர் சொன்ன 30 நாள் ஷரத்தைத் தொழிலதிபருக்கு எழுதி அனுப்பினேன். “என் காசுல என்னையவே திட்டுவீங்களா” என்று சிரித்தார், முடியாது என்று சொல்லவில்லை. பேராசிரியருக்கு இன்னும் தயக்கம். மின்கட்டண அறிக்கையிலேயே ஆரம்பித்தால் ‘முதலாளி மையம்’ என்று பெயர் விழுந்துவிடும், அப்புறம் கழுவ முடியாது என்கிறார். மல்லிகையில் ஆரம்பிக்கலாம் என்றால் அதற்குப் பணம் இல்லை. கீழமாசி அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

—

ஆனையூர் ஆய்வாளர்:

பேராசிரியர் பயம் நியாயம்தான், ஆனாலும் மின்கட்டணத்தை விடாதீர்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது, அறிக்கையை எடுத்துக்கொண்டு போய் வைக்க ஓர் இடம் உண்டு. கட்டணம் மாறும்போது மின்வாரியம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுப் போடும், அந்த மனு கணக்கு எல்லாம் தளத்தில் வரும், ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்தது, செப்டம்பர் 10இலிருந்து புதிய கட்டணம். அந்தக் கூட்டங்களில் சிறுதொழில்காரர்கள் நிலைக் கட்டணம், உச்ச நேரக் கட்டணம் பற்றிப் புலம்பினார்கள், புலம்பல் நியாயம்தான், ஆனால் ஒரு யூனிட் உற்பத்திக்கு இதனால் எவ்வளவு கூடுகிறது என்று பத்துப் பட்டறையின் பில்லை வரிசையாக அடுக்கிக் காட்டியிருந்தால் ஆணையம் பதில் எழுதியே ஆகவேண்டியிருக்கும்.

அதையே செய்யுங்கள். பட்டறை பில் மட்டும் போதாது, அந்தக் கட்டணத்தைக் குறைத்தால் வாரியத்துக்கு எவ்வளவு துண்டு விழும், அதை யார் தலையில் கட்டுவார்கள், வீட்டு இணைப்பா, அரசு மானியமா என்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள். அது ‘நம்ம ஆளுகளுக்கு’ எதிராகப் போனாலும் போகட்டும். முதலாளி மையம் என்று சொல்ல வருகிறவன் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். தொழிலதிபருடைய 10 லட்சத்தில் 6ஐ இதற்கென்றும் 4ஐத் தலைப்பில்லாமலும் கேளுங்கள், அந்த நாலில் மல்லிகைக்கு ஒரு பையனை வைக்கலாம்.

கீழமாசி அண்ணே, சீட்டு விலை ஒன்று கை விலை ஒன்று என்றீர்களே, அது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் விற்கிறவரிடம் மட்டும் கேட்காமல், அன்றைக்கு ராத்திரி தோட்டக்காரருக்குப் போன் போட்டு கையில் என்ன வந்தது என்று தனியாகக் கேட்பது. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் ஆய்வே.

—

கீழமாசி வீதிக்காரன்:

சரி, அப்படி இரண்டு பக்கமும் கேட்டு எழுதினால் நானும் படிக்கிறேன். பூக்கடையில் ரெண்டு பேர் தெரியும், பேசவைக்கிறேன். வருஷச் சந்தா மாதிரி ஏதாவது வைத்தால் என் பங்கு ஐயாயிரம். யார் வந்தாலும் கடையில் வந்து ரொக்கமாக வாங்கிக்கொள்ளட்டும்.

—

அரசரடி ஆடிட்டர்:

ரொக்கம் வேண்டாம் அண்ணே. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 வரைதான் 80ஜி, அதற்கு மேல் ஒரு பைசா கழிவு கிடையாது. பெயர் விலாசம் எழுதாமல் உண்டியல் மாதிரி வாங்கினால், ஒரு வரம்புக்கு மேல் மையத்துக்கே 30 சதவீத வரி. பான் எண்ணோடு ஜிபேயிலோ காசோலையிலோ கொடுங்கள். உங்கள் பெயர் நன்கொடையாளர் பட்டியலில் போகும், அதைத் தளத்திலும் போடச் சொல்லியிருக்கிறேன். சம்மதம்தானே?